நம் ஊரில் இதன் பெயர் என்ன?

நுழையும் முன்

நாம் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, வேறு மொழி பேசும் ஊரில் வளர்கிறோம். வீட்டில் நாம் பேசும் தமிழில் சோறு, குழம்பு, பாடம், தேர்வு ஆகியவற்றுக்குச் சொற்கள் உண்டு. வானில் பறக்கும் பறவைக்கும் குளத்தில் மிதக்கும் கோழிக்கும் நம்மிடம் சொற்கள் இருக்கின்றனவா? இப்பாடத்தைப் படிக்கும் முன், உங்களுக்குத் தமிழில் பெயர் தெரிந்த பறவைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை எழுத முடிந்தது என்பதை எண்ணி, அத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் இறுதியில் அது தேவைப்படும்.

1. புறப்பாடு

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்குத் தில்லியிலிருந்து எங்கள் பேருந்து புறப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் இருபத்திரண்டு மாணவர்களும், அவர்களுடைய தமிழாசிரியனாகிய நானும், இரண்டு பெற்றோரும் அதில் இருந்தோம். ஒரு மாணவியின் தாயார் புளியோதரை கட்டித் தந்திருந்தார். மற்றொருவர் வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வந்திருந்தது. வெளியே பனி மூட்டம் அடர்ந்திருந்தமையால் சாலை தெரியவில்லை. ஓட்டுநர் மெதுவாகவே வண்டியைச் செலுத்தினார்.

நாங்கள் சென்ற இடம் இராசத்தான் மாநிலத்தில் உள்ள பரத்பூர். தில்லியிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரை ஒட்டிக் கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அதன் பரப்பு 29 சதுர கிலோமீட்டர். பூங்காவின் நடுவே பழைமையான சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. அக்கோயிலின் பெயரே பூங்காவுக்கும் ஆயிற்று. உள்ளூர் மக்கள் இதனைக் ‘கனா’ என்று அழைக்கின்றனர். அடர்ந்த காடு என்பது அதன் பொருள். 1985 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இந்த நீர்நிலை இயற்கையாகத் தோன்றியதன்று. பரத்பூரை ஆண்ட அரசர்கள் ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்னர் அஜான் என்னும் கரையை எழுப்பி வெள்ளத்தைத் தேக்கினர். தாழ்வான நிலத்தில் நீர் பரவியது. நீர் வந்ததும் மீன் வந்தது, மீன் வந்ததும் பறவை வந்தது. பறவைகளைத் தேடி வேட்டைக்காரர்களும் வந்தனர்.

2. ரிக்‌ஷாக்காரப் பெரியவர்

பூங்காவின் உட்பகுதியில் பேருந்துக்கு இடமில்லை. நடந்து செல்லலாம், மிதிவண்டியில் செல்லலாம், அல்லது ரிக்‌ஷாவில் செல்லலாம். இங்கு ரிக்‌ஷா ஓட்டுவோர் வண்டியை மட்டும் ஓட்டுபவர் அல்லர். பறவைகளை இனங்கண்டு காட்டுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். எங்கள் குழுவுக்கு முன்னே சென்றவர் தலைப்பாகை அணிந்த பெரியவர். அவர் கழுத்தில் பழைய தொலைநோக்கி ஒன்று தொங்கியது. அவர் இந்தியில் பேசினார். எங்கள் மாணவர்களுக்கு இந்தி நன்றாக வரும் ஆதலால் அவர் சொன்னதை எனக்கு அவர்களே தமிழில் எடுத்துரைத்தனர். பிழையாகச் சொன்னபோது திருத்துவதற்கு மட்டுமே நான் தேவைப்பட்டேன்.

கிளம்பும் முன் அவர் மூன்று விதிகளைக் கூறினார். “உரத்துப் பேசாதீர்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். பறவை உங்களைப் பார்த்துத் தலையை உயர்த்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள்.”

சிறிது தூரம் சென்றதும் சாலையோரக் கருவேல மரத்தில் நீல நிறம் ஒன்று தெரிந்தது. “மீன்கொத்தி!” என்று ஆறாம் வகுப்புச் சிறுவன் தமிழிலேயே கூவினான். கூவியபின் விதியை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டான். பெரியவர் சிரித்தார். அது வெண்தொண்டை மீன்கொத்தி. நம் ஊர்க் கிணற்றுமேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் காணும் அதே பறவைதான்.

அடுத்து வந்த நீர்ப்பரப்பில் கறுத்த உடலும் வெண்ணிற நெற்றியும் கொண்ட பறவைகள் கூட்டமாக மிதந்தன. “இது என்ன?” என்று பெரியவர் வினவினார். “கூட்” என்று ஆங்கிலத்தில் நால்வர் விடை கூறினர். அவர் ஒப்புக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“சரி. நீங்கள் மதராசிப் பிள்ளைகள் அல்லவா? உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன?”

எவரும் விடை கூறவில்லை. இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தனர்.

“நாமக்கோழி” என்றேன். “நெற்றியில் வெள்ளை நாமம் இட்டதுபோல் இருக்கிறது, பாருங்கள்.” மாணவர்கள் மீண்டும் நீரை நோக்கினர். அதுவரை கருப்பாகத் தெரிந்த கூட்டத்தில் ஒவ்வொரு நெற்றியும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியது. பெயரைக் கேட்டபின்னரே அவர்கள் அப்பறவையைக் கூர்ந்து பார்த்தனர்.

3. பெயருக்குள் ஒரு படம்

அதன்பின் மாணவர்களுக்கு அது ஒரு விளையாட்டாயிற்று. ஒவ்வொரு பறவையைக் கண்டதும் பெரியவர் இந்திப் பெயரைச் சொல்வார், மாணவர்கள் ஆங்கிலப் பெயரைச் சொல்வர், நான் தமிழ்ப் பெயரைச் சொல்வேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டில் கட்டங்கள் வரைந்து மூன்றையும் எழுதிக்கொண்டாள். அவள் குடும்பம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவளுக்கு இரண்டு வயதானபோது அவர்கள் தில்லிக்கு வந்தனர்.

தாமரை இலைமேல் நீண்ட விரல்களை விரித்து நடந்து சென்றது இலைக்கோழி. அதன் விரல்கள் நீண்டிருப்பதால் உடலின் எடை பரவி, இலை மூழ்குவதில்லை. இவ்வினத்தில் முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவையே. சேற்றில் வளைந்த அலகை நுழைத்து இரைதேடியது அரிவாள் மூக்கன். கரண்டி போன்ற தட்டையான அலகை நீரில் இடமும் வலமும் அசைத்துச் சென்றது கரண்டிவாயன். ஊசிபோல் வால் நீண்டது ஊசிவால் வாத்து.

நத்தைகுத்தி நாரையின் அலகில் ஓர் இடைவெளி இருப்பதைத் தொலைநோக்கியின் வழியே கண்டோம். மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேர்கின்றன, நடுவில் சேர்வதில்லை. வழுக்கும் நத்தையைப் பற்றுவதற்கு அந்த அமைப்பு உதவுகிறது. ஓட்டுக்குள்ளிருந்து நத்தையின் சதையை வெளியே எடுத்து அது உண்கிறது.

பட்ட மரக்கிளையில் கறுத்த பறவை ஒன்று சிறகுகளை விரித்தபடி அமர்ந்திருந்தது. அதன் கழுத்து மெலிந்து நீண்டு வளைந்திருந்தது. அது பாம்புத்தாரா. நீந்தும்போது உடல் நீருக்குள் அமிழ்ந்திருக்க, கழுத்து மட்டும் வெளியே நீள்வதால் பாம்பு நீந்துவது போலவே தோன்றும். அதன் இறகுகள் நீரில் நனைந்துவிடும். நனைந்த சிறகோடு எளிதில் பறக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு முறை மீன்பிடித்த பின்னும் வெயிலில் சிறகை உலர்த்துகிறது.

“ஐயா, நம் பெயர்கள் எல்லாம் படம் வரைந்தது போல இருக்கின்றனவே!” என்றாள் குறிப்பேட்டு மாணவி.

“இலக்கணத்தில் அதற்குப் பெயர் உண்டு” என்றேன். “காரணம் கருதி இடப்படும் பெயர் காரணப்பெயர். பறப்பது பறவை. இது பறப்பன எல்லாவற்றுக்கும் பொதுவாதலால் காரணப் பொதுப்பெயர். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. இது ஒரே ஒரு பறவையினத்துக்கு உரியதாதலால் காரணச் சிறப்புப்பெயர். வயலிலும் குளக்கரையிலும் நின்று, பறவை என்ன செய்கிறது என்று பல நாள் பார்த்தவர்களே இப்பெயர்களை இட்டிருக்க வேண்டும்.”

4. சாரஸ் கொக்கும் ஒரு படமும்

பகல் பத்து மணி அளவில் பனி விலகியது. பாதையிலிருந்து சற்றுத் தொலைவில், புல்வெளியும் நீரும் கலக்கும் இடத்தில், மூன்று உருவங்கள் நின்றன. பெரியவர் வண்டியை நிறுத்திக் கையை உயர்த்தினார். அவை சாரஸ் கொக்குகள். தாய், தந்தை, அவ்வாண்டு பிறந்த குஞ்சு. பறக்கும் பறவைகளுள் உலகிலேயே உயரமானது சாரஸ். ஏறத்தாழ ஆறடி உயரம் நிற்கும். உடல் சாம்பல் நிறமாகவும், தலையும் மேற்கழுத்தும் சிவப்பாகவும் இருக்கும். இணை சேர்ந்த பறவைகள் நெடுங்காலம் பிரியாமல் வாழ்வதால் வட இந்திய உழவர்கள் இவற்றைப் போற்றுகின்றனர். ஈர நிலங்கள் குறைந்து வருவதனால் சாரஸின் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையின் கேமராவைக் கொண்டு வந்திருந்தான். அன்று முழுவதும் அவன் காத்திருந்த காட்சி அதுவே. பின்னால் வந்த வண்டிகளிலிருந்து சிறுவர்கள் இன்னும் இறங்கவில்லை. அதற்குள் அவன் பாதையை விட்டு இறங்கி, புல்லில் குனிந்தபடி முன்னேறினான். நான் அழைப்பதற்கு முன் இருபது அடி சென்றுவிட்டான்.

இரண்டு சிவந்த தலைகள் ஒருசேர உயர்ந்தன. எக்காளம் ஊதியதுபோல் ஒலி எழுந்தது. குஞ்சை நடுவில் விட்டுப் பெற்றோர் இரண்டும் விரைந்து நடந்தன. பின்னர் மூன்றும் சிறகடித்து எழுந்து, மரங்களுக்கு அப்பால் மறைந்தன. சிறுவர்கள் இறங்கி ஓடிவந்தபோது வெறும் புல்வெளியே இருந்தது. ஆறு பேர் சாரஸைக் காணவே இல்லை.

அவனைக் கண்டிக்க வாயெடுத்தேன். பெரியவர் கையசைத்து என்னை நிறுத்திவிட்டு, அவனருகில் சென்று, “படத்தைக் காட்டு” என்றார். திரையில் மூன்று முதுகுகள் மங்கலாகத் தெரிந்தன.

“மகனே, இது சாரஸின் படம் அன்று. உன்னைக் கண்டு அஞ்சி ஓடுவதன் படம். சாரஸின் படம் வேண்டுமானால் நீ அங்கே இருப்பதை அது மறக்க வேண்டும். அதற்கு நீ அசையாமல் இருக்க வேண்டும். எத்தனை நேரம் என்பதை அதுதான் முடிவு செய்யும்.”

மேலும் ஒரு செய்தியை அவர் விளக்கினார். கூடு கட்டும் காலத்தில் ஒருவர் கூட்டை நெருங்கினால், பெற்றோர்ப் பறவை எழுந்துவிடும். அவ்விடைவெளியில் காகமோ பருந்தோ முட்டையையும் குஞ்சையும் கவர்ந்துவிடும். படம் எடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பிவிடுவார்.

மாணவன் தலைகுனிந்து நின்றான். பிறகு அந்த ஆறு சிறுவர்களிடமும் சென்று மன்னிப்புக் கேட்டான். எவரும் அவனை அதன்பின் குறை கூறவில்லை.

குறிப்பேட்டு மாணவி மெல்ல வினவினாள். “ஐயா, சாரஸுக்கு நம் ஊர்ப் பெயர் என்ன?”

“அது நம் ஊரில் வாழ்வதில்லை. வாழாத பறவைக்கு ஊர்ப்பெயர் எப்படி அமையும்? சாரஸ் கொக்கு என்றே நாமும் எழுதுகிறோம். பெயரைப் பறவையோடு வாழ்ந்தவர்களிடமிருந்து பெற்றுக்கொள்வதில் தவறில்லை” என்றேன்.

5. ஆச்சி சொன்ன பெயர்

கோயிலை அடைவதற்கு முன், நீரின் நடுவே இருந்த கருவேல மரங்களில் நூற்றுக்கணக்கான பெரிய பறவைகள் கூடு கட்டியிருந்தன. மஞ்சள் நிற அலகு, செம்மஞ்சள் நிறத் தலை, வெண்ணிற உடல், வால்புறத்தில் இளஞ்சிவப்பு இறகுகள். வளர்ந்த குஞ்சுகள் பழுப்பு நிறத்தில் இருந்தன. அவை இரைக்காக இடைவிடாமல் கத்தின. பெற்றோர்ப் பறவைகளோ அலகுகளைத் தட்டி ஒலி எழுப்பின.

பெரியவர் குறிப்பேட்டு மாணவியைப் பார்த்து, “பிட்டியா, இதற்கு?” என்றார். நான் விடை கூறவில்லை. அவளுக்குத் தெரியவில்லை.

“உன் ஆச்சி எந்த ஊரில் இருக்கிறார்?” என்று வினவினேன்.

“கூந்தன்குளத்துக்குப் பக்கத்தில், ஐயா.”

“அப்படியானால் அவரைக் கேள்” என்று என் கைப்பேசியை அவளிடம் கொடுத்தேன்.

கோயில் மேடையில் நாங்கள் புளியோதரையை உண்டுகொண்டிருக்க, அவள் தன் ஆச்சியிடம் பேசினாள். எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தாள்.

“மூக்கு மஞ்சளா, பின்னால செவப்புப் பூசுனாப்ல இருக்கா? அது நாரைல்லா! மஞ்சமூக்கு நாரை. நம்ம ஊர்ல வீட்டு மரத்துலயே வந்து கூடு கட்டுமே. நீ கைக்குழந்தையா இருக்கும்போது அதைக் காட்டித்தானே உனக்குச் சோறு ஊட்டுனேன். தை பொறந்தா வந்துரும். அங்கயும் இருக்கா அது?”

“இங்கேயும் இருக்கிறது ஆச்சி” என்றாள் அவள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அவளுக்குத் தெரியாது என்று எண்ணிய பறவை, அவள் முதன்முதலாகக் கண்ட பறவைகளுள் ஒன்றாக இருந்திருக்கிறது.

அப்போது கழுத்தில் கோடும், வெண்ணிறத் தலையில் இரண்டு கரும்பட்டைகளும் கொண்ட வாத்துகள் புல்வெளியில் மேய்ந்தன. அவற்றின் தமிழ்ப் பெயர் எனக்கே நினைவுக்கு வரவில்லை. அதை மாணவர்களிடம் மறைக்காமல் கூறினேன். ஆச்சி இன்னும் இணைப்பில் இருந்தார்.

“தலையில வரி போட்ட வாத்தா? அது மார்கழியில இங்க குளத்துக்கு வரும். வரித்தலை வாத்துன்னு காட்டிலாகா ஆளுக சொல்லுவாக.”

வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத்து முதலிய இடங்களின் உயர்ந்த நிலப்பகுதிகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலம் தொடங்கியதும் இமயமலையைக் கடந்து இந்தியாவுக்குள் வருகிறது. அவற்றுள் சில பரத்பூரில் தங்குகின்றன. சில தெற்கே கூந்தன்குளம் வரை செல்கின்றன. இவ்வாறு பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்து சென்று திரும்புவதைத் தமிழில் ‘வலசை போதல்’ என்பர்.

திருநெல்வேலியைச் சேர்ந்த கூந்தன்குளத்து மக்கள் இப்பறவைகளைத் தம் விருந்தினராகக் கருதுகின்றனர். பறவைகள் அஞ்சும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்களோ, தம் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேய ஆட்சியாளரிடம் முறையிட்டு 1798 ஆம் ஆண்டிலேயே எழுத்து வடிவில் ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர்.

6. வராத பறவை

கோயிலுக்கு அருகே கற்பலகைகள் நின்றன. எந்த ஆண்டில், எந்த விருந்தினர் வந்தபோது, எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்னும் கணக்கு அவற்றில் செதுக்கப்பட்டிருந்தது. 1938 ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. மாணவர்கள் அந்த எண்ணை இருமுறை படித்தனர்.

இதே பூங்காவைக் காப்பதற்குப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் சாலிம் அலி (1896–1987). அவரும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுட்டவரே. சுட்ட குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று அறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். பறவையின் பெயரைத் தேடிச் சென்ற அச்சிறுவன், பின்னாளில் இந்தியப் பறவையியலின் பேரறிஞர் ஆனார். இதைக் கேட்டபோது கேமரா மாணவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

பெரியவர் பின்னர் நீர் ஆழமில்லாத ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டினார். அங்கே எதுவும் இல்லை.

“இங்கேதான் வெள்ளைக் கொக்குகள் நிற்கும். சைபீரியாவிலிருந்து வரும். சேற்றைக் கிளறிக் கிழங்கைத் தின்னும். நான் பார்த்திருக்கிறேன். இப்போது வருவதில்லை.”

சைபீரியக் கொக்கு பனிபோல் வெண்ணிறமானது. முகம் சிவந்திருக்கும். 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது பரத்பூருக்கு வந்தது. 1960களில் ஏறத்தாழ 200 பறவைகள் வந்தன. வழியிலுள்ள நாடுகளில் வேட்டையாடப்பட்டதாலும், தங்கி இளைப்பாறும் நீர்நிலைகள் அழிந்ததாலும் எண்ணிக்கை சுருங்கியது. இறுதியில் ஒரே ஓர் இணை வந்தது. 2002 ஆம் ஆண்டுக்குப் பின் அதுவும் வரவில்லை. கிழக்குச் சைபீரியாவில் வாழும் மற்றொரு கூட்டம் சீனாவுக்கு வலசை செல்கிறது. இந்தியாவுக்கு வரும் வழியை அறிந்திருந்த கூட்டமோ இல்லாமல் போயிற்று. கொக்குகளின் குஞ்சுகள் பெற்றோருடன் பறந்தே வழியைக் கற்கின்றன. கற்றுத்தரப் பெரியவர்கள் இல்லையெனில் வழியும் மறைந்துவிடும்.

அதுவரை பேசாதிருந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “நம் சொற்களும் அப்படியா ஐயா?” என்று வினவினான்.

நான் உடனே விடை கூறவில்லை. சிறிது நேரம் கழித்து, “ஆம். ஆனால் உங்கள் ஆச்சியும் அப்பாயியும் அம்மாச்சியும் இன்னும் வழி தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டும்” என்றேன்.

7. திரும்பும் வழி

மாலை வெயில் சாய்ந்தது. கேமரா மாணவன் பாம்புத்தாரா அமர்ந்திருந்த மரத்துக்கு எதிரே, பாதையின் ஓரத்தில், முக்கால் மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தான். பெரியவரும் அவனருகில் அமர்ந்திருந்தார். பறவை இருமுறை நீரில் இறங்கி வெறும் அலகோடு ஏறியது. மூன்றாம் முறை ஒரு மீனைக் குத்தி எடுத்து, மேலே எறிந்து, தலை முதலில் செல்லும்படி விழுங்கியது. அவன் எடுத்த படத்தில் மீன் வானத்தில் இருக்கிறது. பறவையின் கண் மீன்மேல் இருக்கிறது. அவனை அது பார்க்கவே இல்லை. அந்தப் படத்தை அவன் முதலில் காட்டியது, சாரஸைக் காணாத அந்த ஆறு சிறுவர்களுக்குத்தான்.

வாயிலில் விடைபெறும்போது குறிப்பேட்டு மாணவி பெரியவரிடம், “தாதாஜி, அந்த மரத்துப் பறவைக்கு எங்கள் ஊரில் மஞ்சள் மூக்கு நாரை என்று பெயர்” என்றாள். அவர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் ‘ழ’ இல்லாத அந்தப் பெயரே அவருக்குக் கடினமாக இருந்தது. ஆயினும் தம் சிறு குறிப்பேட்டில் இந்தி எழுத்துகளால் எழுதிக்கொண்டார். “அடுத்து வரும் மதராசி விருந்தினருக்கு நானே சொல்லுவேன்” என்றார்.

பேருந்தில் அவள் தன் கட்டங்களை நிரப்பினாள். இந்திப் பெயர், ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், கண்ட இடம். நாற்பத்தொரு பறவைகள். பிறகு என்னிடம் வந்தாள்.

“ஐயா, சைபீரியக் கொக்கை எழுதலாமா? அதை நாம் பார்க்கவில்லையே.”

“பெயரை எழுது. கண்ட இடம் என்னும் கட்டத்தை மட்டும் வெறுமையாக விடு.”

அவள் அவ்வாறே எழுதினாள். அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு இடவில்லை.

சொல்லும் பொருளும்

வலசை – பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்து செல்லுதல்
அலகு – பறவையின் மூக்கு
எக்காளம் – ஊதி ஒலிக்கும் நீண்ட இசைக்கருவி
எச்சம் – பறவையின் கழிவு
இனங்காணுதல் – இன்னதென்று பிரித்தறிதல்
வாயெடுத்தல் – பேசத் தொடங்குதல்

எண்ணிப் பார்த்து எழுதுக

1. நாமக்கோழியின் பெயரைக் கேட்டபின் மாணவர்களின் பார்வையில் நேர்ந்த மாற்றம் யாது?
2. “இது சாரஸின் படம் அன்று” என்று பெரியவர் கூறியதன் பொருளை விளக்குக.
3. சாரஸ் கொக்குக்கு நம் ஊரில் தனிப்பெயர் அமையாமைக்கு ஆசிரியர் கூறும் காரணம் யாது?
4. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தது ஏன்? அவர்கள் செய்தது யாது?
5. சைபீரியக் கொக்கு வழியை மறந்ததற்கும் நாம் சொற்களை மறப்பதற்கும் உள்ள ஒற்றுமையை உம் சொற்களில் எழுதுக.

மொழியோடு விளையாடு

கீழ்வரும் பெயர்கள் எக்காரணத்தால் அமைந்தன என்பதை ஒரு தொடரில் எழுதுக: நத்தைகுத்தி, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, இலைக்கோழி, வரித்தலை வாத்து.

செயல்

பாடத்தின் தொடக்கத்தில் எழுதிய தாளை எடுங்கள். உங்கள் வீட்டு மாடியிலிருந்தோ அருகிலுள்ள பூங்காவிலிருந்தோ ஒரு வாரம் காலையில் பறவைகளைப் பாருங்கள். பெயர் தெரியாத ஒரு பறவையின் நிறம், அலகு, ஒலி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அதனைத் தமிழிலேயே விவரித்து, “நம் ஊரில் இதன் பெயர் என்ன?” என்று கேளுங்கள். அவர் சொன்ன பெயரை, அவர் சொன்னவாறே எழுதி வாருங்கள்.